பதினாலாவது ஷரத்து

எங்க ஸ்கூல்ல டீச்சருங்களுக்கு மதியச் சாப்பாடு இலவசம் இன்ஸ்பெக்டர் மேடம். சாம்பார், ரசம், ஒரு பொரியல், வெள்ளிக்கிழமைன்னா பாயசம். அதை அக்ரிமெண்ட்ல ஏழாவது ஷரத்தா சேர்த்ததே நான்தான். வாய்வார்த்தையா குடுத்தா நாளைக்கி இல்லன்னுடுவாங்க, எழுத்துல இருந்தா சொல்ல முடியாதில்ல. டீச்சருங்க மேல அவ்ளோ அக்கறை எனக்கு. வெளியில என்னைப் பத்தி இன்னா இன்னாவோ பேசிக்கினு இருக்காங்க, அதனாலதான் முதல்ல இதைச் சொல்றேன்.

பேரு இளமாறன். பதினோரு வருஷமா வைஸ் பிரின்சிபால். செலினா டீச்சரைப் பத்திதான கேக்கறீங்க, வர்றேன். அதுக்கு பதினாலாவது ஷரத்து இன்னான்னு உங்களுக்குத் தெரியணும்.

அது ஆசிரியர் பணி மதிப்பீடு. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன்லயும் நவம்பர்லயும். மொத்தம் நூறு மார்க். ரிசல்ட்டுக்கு ஐம்பது. அட்மிஷன் புடிச்சி குடுக்கறதுக்கு இருபது. பசங்க வருகைக்கு இருபது. கிளாஸ்ல ஒரே ஒரு பிள்ளை தொடர்ந்து பத்து நாள் வரலன்னாலும் அந்த இருபதும் போச்சி. மீதி பத்து, ஒத்துழைப்புக்கு. ஒத்துழைப்புன்னா இன்னான்னு எங்கயும் எழுதல, அது என் கையில. அறுபதுக்குக் கீழ வந்தா வேலைய விட்டு அனுப்ப மாட்டோம். மேம்பாட்டுக் காலம்னு ஆறு மாசம் கூட வச்சிப்போம். அதுவரைக்கும் அவங்க ஒரிஜினல் சர்டிபிகேட்டுங்க எங்க பீரோவுலதான் இருக்கும். சேரும்போதே பத்தாவது மார்க் ஷீட்லேர்ந்து பி.எட். வரைக்கும் வாங்கி வச்சிக்கறது எங்க வழக்கம்.

நல்லா நடத்தாதவங்களுக்குத்தான் நான் மார்க் கம்மியா போடுவேன்னு எல்லாரும் நினைக்கறாங்க. யோசிச்சிப் பாருங்க மேடம், நடத்தத் தெரியாதவங்களைப் புடிச்சி வச்சி நான் இன்னா பண்றது? அவங்களுக்கு எண்பது, எண்பத்தஞ்சின்னு போட்டுடுவேன். சந்தோஷமா சர்டிபிகேட்டை வாங்கினு போய்டுவாங்க. நல்லா நடத்தறவங்களுக்குத்தான் ஐம்பத்தெட்டு. பிள்ளைங்க படிப்பை நினைக்கறவன் அப்பிடித்தான் செய்யணும்.

அந்த மதிப்பீட்டுத் தாள்ல டீச்சரும் கையெழுத்துப் போடணும். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டு உக்கார வச்சா அழுகை, பேச்சுவார்த்தைன்னு நேரம் ஜாஸ்தி ஆவுது. அதனால சேர்ற அன்னைக்கே ஆறு வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கிடுவேன். மூணு வருஷத்துக்கு ஆச்சி. யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல.

செலினா டீச்சர் பத்தாங்கிளாஸுக்குக் கணக்கு. மணலூர்பேட்டைப் பக்கம், அப்பா வியாகுலம் கரும்பு வெட்டற ஆளு. ரெண்டு வருஷத்துல ஒரு பிள்ளைகூட கணக்குல பெயில் ஆவல. அந்த மாதிரி டீச்சர் எனக்கு இதுவரைக்கும் அமைஞ்சதில்ல, நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன். நாலு தடவையும் ஐம்பத்தெட்டு போட்டேன்.

அக்டோபர்ல வந்து நின்னாங்க. அரசு ஆசிரியர் தேர்வுல பாஸ் ஆயிட்டேன் சார், நவம்பர் கடைசியில சர்டிபிகேட் சரிபார்ப்பு, ஒரிஜினல் இல்லன்னா வேலை போய்டும்னாங்க.  பப்ளிக் பரீட்சைக்கு அஞ்சி மாசம்தான் இருக்குது. அந்தம்மா பாட்டுக்குக் கிளம்பறேன்றாங்க. மார்க் பத்தலையே டீச்சர்னு சொல்லி, போன நவம்பர் தாளை எடுத்துக் காட்டினேன். அதைக் காட்டியிருக்கக் கூடாது. அவங்க கையெழுத்துக்குக் கீழ தேதி பதினாலுன்னு போட்டிருந்தேன். அன்னைக்கி அவங்க அண்ணன் டேவிட்டுக்குக் கல்யாணமாம், லீவுல இருந்திருக்காங்க. லீவு ரிஜிஸ்டரைப் பார்க்காம தேதி போட்டுட்டேன். என் தப்புதான், ஒத்துக்கறேன்.

அந்தம்மா தாளை ரெண்டு தடவை பார்த்தாங்க, என்னை ஒரு தடவை பார்த்தாங்க, போன்ல அதை ஒரு போட்டோ எடுத்துக்கினு போய்ட்டாங்க. அதுலேர்ந்து எனக்குச் சந்தேகம் புடிச்சிக்கிச்சி. ஸ்டாஃப் ரூம்ல நாலு பேர் பேசிக்கினு இருப்பாங்க, நான் போனா கப்சிப். அக்ரிமெண்ட் பன்னெண்டு பக்கத்தையும் செராக்ஸ் எடுத்துக்கினு போனாங்கன்னு கடைக்காரர் சொன்னார். சர்டிபிகேட் பீரோ சாவிய அதுவரைக்கும் மேஜையிலதான் வைப்பேன், அப்புறம் பாக்கெட்லயே வச்சிக்கினேன். மத்தவங்களும் லீவு நாளையும் தேதியையும் ஒத்துப் பார்க்க ஆரம்பிச்சா, பதினோரு வருஷம் நான் கட்டிக் காத்தது இன்னா ஆவறது?

சரிபார்ப்பு ஒரு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில என் ரூமுக்கு வந்து, நாளைக்கி அப்பாவோட வருவேன், குடுக்கலன்னா கலெக்டர் ஆபீஸ்ல குடுக்க மனு எழுதி வச்சிருக்கேன் சார்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. நானும் மரியாதையாத்தான் பதில் சொன்னேன். டீச்சர், இந்த நவம்பர் மதிப்பீடு இன்னும் முடியல. உங்க கிளாஸ் தேவதர்ஷினி தீபாவளிக்கு ஹாஸ்டல்லேர்ந்து போனவ இன்னும் வரல. வீட்டுக்கே போய்க் கூட்டினு வந்துடுங்க. வருகைக்கு முழுசா இருபது போடறேன், சாயந்திரமே சர்டிபிகேட்டை வாங்கினு போங்கன்னேன். அந்தம்மா முகத்துல அப்பிடி ஒரு சந்தோஷம்.

அந்தப் பொண்ணு வூடு கல்வராயன் மலை மேல. கரியாலூர்ல இறங்கி, ஓடையைத் தாண்டி நாலு கிலோமீட்டர் நடக்கணும். அது வூட்ல இல்லன்னு எனக்குத் தெரியும். அவங்க அப்பா சின்னக்கண்ணு முந்தின வாரமே ஆபீஸுக்குப் போன் பண்ணார். குடும்பத்தோட கேரளாவுக்கு மிளகு பறிக்க வந்துட்டோங்க, பொங்கலுக்குத்தான் வருவோம்னார். அந்தப் போனை எடுத்தது நான். யார்கிட்டயும் சொல்லல.

வேன் டிரைவர் சுபாஷும் அன்னைக்கி விடியக்காலை மலையிலேர்ந்து கூப்பிட்டான். சார், ராவெல்லாம் மழை, ஓடைத் தரைப்பாலத்து மேல தண்ணி போவுது, அந்தப் பக்கத்துப் பசங்கள ஏத்த முடியலன்னான். சரின்னு வச்சிட்டேன். செலினா டீச்சரை அவன் வேன்ல அனுப்பினா, வழியில அவன் சொல்லிடுவான். அதனால பஸ்ல போங்க டீச்சர், வேனுக்கு வேற வேலை இருக்குன்னேன். இதெல்லாம் அவனே உங்ககிட்ட சொல்லிட்டான்னு தெரியும். நல்ல பையன்தான், அவன் மேல எனக்குக் கோவம் இல்ல.

மத்தியானம் ரெண்டே காலுக்கு செலினா டீச்சர்கிட்டேர்ந்து எனக்குப் போன் வந்தது. ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு. கால் லிஸ்ட்டை நீங்களும் எடுத்து வச்சிருப்பீங்க. என்ன பேசினோம்னுதான் உங்களுக்குத் தெரியாது, அதையும் சொல்லிடறேன்.

“சார், பாலம் மேல தண்ணி போவுதுங்க. இங்க ஒரு ஆளுகூட இல்ல. திரும்பி வந்துடட்டுங்களா?”

“உங்க இஷ்டம் டீச்சர். நான் போங்கன்னும் சொல்லல, வாங்கன்னும் சொல்லல. ஆனா மதிப்பீட்டை இன்னைக்கி அஞ்சி மணிக்கு முடிச்சி சீல் வைக்கறேன்.”

 சரிங்க சார்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. மறுநாள் கீழ ரெண்டு கிலோமீட்டர்ல பாறை இடுக்குல கிடைச்சாங்க.

அந்தப் பக்கம் போய் மாட்டிக்குவாங்க, வியாழக்கிழமை தாண்டிடும், அவ்ளோதான் நினைச்சேன். நேத்து வரைக்கும் எனக்கு நானே இப்பிடித்தான் சொல்லிக்கினு இருந்தேன். ஆனா போன்ல தண்ணி இரைச்சல் கேட்டது மேடம். அந்தம்மா பேசறதே சரியா காதுல விழல. அதுல கால் வச்சா யாரும் கரை ஏற முடியாதுன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி. தெரிஞ்சிதான் அஞ்சி மணின்னு சொன்னேன். இதை அப்பிடியே எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்.

அடக்கம் முடிஞ்ச நாலாம் நாள் அவங்க அப்பா வியாகுலம் வந்தார். கருப்புத் துணியைச் சட்டையில குத்திக்கினு, வாசல்லயே நின்னார். நான் எழுந்து போய்க் கையைப் புடிச்சி உள்ள கூட்டினு வந்து சேர்ல உக்கார வச்சேன். புள்ள படிச்ச காயிதமெல்லாம் குடுத்துடுங்க சார், அவ அம்மா கேட்டு அழுவறான்னார். ஆசிரியர் நேரில் வந்து கையெழுத்திட்டு பெற்றுக்கொள்ளணும்னு ஷரத்துல இருக்குது, அதைப் பொறுமையா எடுத்துச் சொன்னேன். ஒருத்தருக்காக ரூலை மாத்தினா மத்தவங்களுக்கு இன்னா பதில் சொல்றது.

அவர் சண்டை போடல. வூட்ல அந்தம்மா வச்சிருந்த மதிப்பீட்டு நகல் ஒண்ணை பையிலேர்ந்து எடுத்து நீட்டி, “ஐம்பத்தெட்டுன்னு போட்டிருக்குதே சார். எம்பொண்ணு சரியா நடத்தலீங்களா?”ன்னார்.

எனக்குக் கண்ணு கலங்கிடிச்சி மேடம், சத்தியமா. அவங்க மாதிரி ஒரு டீச்சர் இந்த ஜில்லாவுலயே இல்லைங்க ஐயா, அதனாலதான் நாங்க விடவே இல்ல, கடைசி வரைக்கும் எங்க ஸ்கூல் டீச்சராவே இருந்தாங்கன்னு சொன்னேன். அந்தப் பெரியவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கினு இருந்துட்டுப் போனார். பெத்த மனசுக்கு அந்த ஒரு வார்த்தை ஆறுதலா இருந்திருக்கும்.