கெளுத்தி முள்

கெளுத்திக் குழம்பு என்றால் எனக்கு உயிர், ஐயா. செண்பகம் வைத்தால் மறுநாள் காலையிலும் சட்டியை வழித்துத் தின்பேன்.

செண்பகம் என் மனைவி. கலியன் என் தம்பி. கல்யாணமாகாதவன், எங்களோடுதான் இருந்தான். எழுபத்திரண்டில் அடித்த புயலில், பழவேற்காட்டுக் கரையில் ஏற்றி வைத்திருந்த படகு சரிந்து எங்கள் இருவர் மேலும் விழுந்தது. அவனுக்கு இடுப்பில் அடி. வலது பாதம் மரத்துப்போனது. எனக்குத் தோளிலிருந்து சுண்டுவிரல் வரை மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். இன்றுவரை ஓயவில்லை. பொன்னேரி டாக்டர் அவன் பாதத்தில் ஊசியால் குத்தினார். அவன் சிரித்தான். காயம் பட்டாலும் இவனுக்குத் தெரியாது, தினமும் யாராவது பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். என் தோளை அமுக்கிவிட்டு, எலும்பு சேர்ந்துவிட்டது, போய் வேலையைப் பார் என்றார்.

அன்றிலிருந்து, அவன் ஏரியில் வலை இழுத்துவிட்டு வந்ததும், செண்பகம் அவன் பாதத்தை மடியில் வைத்து விரல் இடுக்கெல்லாம் பார்ப்பாள். தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் வலிப்பது எனக்கு. வலியே இல்லாதவனுக்கு வெந்நீரும் விளக்கெண்ணெயும். வயிறு எரிந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உனுக்கு இன்னா, கையி நல்லாத்தான கீது. பாவம், அவனுக்குக் காலு கீறதே தெரியல" என்றாள்.

போன ஆடியில் பெரியபாளையத்துக்குக் கிளம்பினாள். வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுவதாக வேண்டுதல், அவன் காலுக்காக. என் தோளுக்கும் சேர்த்து வேண்டிக்கொள் என்று நான் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

"சாயங்காலம் கலியன் காலைப் பாத்துடுய்யா" என்று மட்டும் சொன்னாள்.

பார்த்தேன். குதிகால் ஓரத்தில் கெளுத்தி முள் ஒடிந்து நின்றது. வேறொருவன் என்றால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பான். இவன் பொன்னேரிக் கொட்டகையில் பார்த்த சண்டைக் காட்சியை விவரித்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். முள் முழுவதும் உள்ளே போய்விட்டது. அவன் கதையை நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான் கேட்டான்.

"இன்னாண்ணா, எதுனா கீதா?"

"ஒண்ணும் இல்லடா."

செண்பகம் திரும்பி வந்த பிறகும், இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவளுக்கு என்மேல் அப்படியொரு சந்தோஷம். நாற்றம் வந்தபோது கணுக்கால் வரை கறுத்திருந்தது. மெட்ராஸில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. இப்போது, எடுத்துவிட்ட அந்தப் பாதம் எரிகிறது என்கிறான். இல்லாத பாதம், ஐயா. நேற்று செண்பகம் பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் பாயைப் பார்த்து விசிறிக்கொண்டிருந்தாள். நம்புகிறாள். அதைப் பார்த்த பிறகுதான் ஸ்டேஷனுக்கு வரத் தோன்றியது.

நான் செய்ததை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கூடவே என் தோள் வலியையும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.