திராட்சைக்காரர் மகளின் விண்ணப்பம்

கம்பத்திலிருந்து தேனிக்குப் போன பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு திராட்சை வியாபாரியும் அவர் மகளும் இருந்தார்கள். மகள் மடியில் கல்லூரி விண்ணப்பம். பக்கத்து இருக்கை அம்மாள் பழக்கூடையைப் பார்த்து, "இனிக்குமா?" என்று கேட்டார்.

"புளிக்கும்," என்றாள் மகள்.

வியாபாரி முறைத்தார். "ஏத்தா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?"

"எனக்குப் பொய் சொல்ல வரலப்பா. அதான் பி.காம் வேணாங்கிறேன். பத்திரிகைப் படிப்புக்குப் போறேன்."

"இங்கன ஒருத்தர்கிட்டச் சொன்ன. பத்திரிகைக்குப் போனா ஊருக்கே சொல்லிருவ. பி.காம்னே எழுது."

மகள் பேனாவைத் திறந்தாள்.

"அண்ணே, மருமக மசக்கையா இருக்கா. புளிப்பாத்தான் கேக்குறா," என்றார் அந்த அம்மாள். "நாலு கொத்து குடுங்க."

வியாபாரி நல்ல கொத்தாகப் பார்த்து எடுத்துக்கொண்டே, "சரித்தா, பத்திரிகைப் படிப்புன்னே எழுது," என்றார்.