கூரைக்குப் போன சட்டைகள்

— சரி ஜெல்மீரா அக்கா, ஒன்பது வேண்டாம். பதினாலாம் நம்பர் சட்டையைக் கொடுங்க.

— பதினாலா! கன்னத்துல போட்டுக்கோ, ராதோ. கதவைத் திறந்து அண்ணாந்து பாரு. பெரிய ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரரோட சட்டையை அரங்கத்துக் கூரையில ஏத்திட்டா, அந்த நம்பரை அப்புறம் ஒருத்தனும் போடக்கூடாது, கேட்டியா.

— பதினாலு என்ன பெருசா கிழிச்சார்?

— நம்ம கோலுக்குள்ளயே அடிச்சார். ஆனா என்ன அழகு! எதிராளிங்ககூட எழுந்து நின்னு கை தட்டினாங்க.

— இருபத்திரண்டு?

— கோல் காக்குறவர். மேட்சுக்கு முன்னாடி மூக்கு முட்ட ஆட்டுச்சீஸ் கொழுக்கட்டை தின்னுட்டு வந்து நிப்பார். ரப்பர் வட்டு உள்ள போக இண்டு இடுக்கு இருக்காது. நம்ம காட்டுப்பன்றி அணிக்கு அதுதான் பொற்காலம், கேட்டியா.

— ஏழாம் நம்பர்?

— ஏழாம் நம்பரைப் பத்தி மரியாதையாப் பேசு. அவர் இருந்தவரைக்கும் நாம ஒரு மேட்ச்கூடத் தோத்ததில்லை.

— நிஜமாவா! எத்தனை வருஷம் ஆடினார்?

— எங்க ஆடினார்? காலையில கையெழுத்துப் போட்டார், மத்தியானம் நம்ம ஆளுங்க பயிற்சியைப் பார்த்தார், சாயங்காலம் போலந்து பஸ்ஸைப் பிடிச்சுட்டார்.

— விளையாடாதீங்க அக்கா! என் மாமனார் முதல் வரிசையில உக்காந்திருக்கார். இன்னிக்கு நான் பனித்தளத்துல இறங்கலைன்னா நாளையிலிருந்து அவரோட கசாப்புக் கடையில தொத்திறைச்சி கட்டணும். வாக்குக் கொடுத்துட்டேன், சத்தியமா. முதுகுல நம்பர் இல்லாம நடுவர் உள்ள விடமாட்டார்.

— அழாதே. தொங்குறது போக மிச்சமெல்லாம் உன் கூட்டாளிங்க முதுகுல இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. தொண்ணூத்தொம்பது.

— கொடுங்க, கொடுங்க! உங்க கையைக் கொடுங்க, முத்தம் வைக்கிறேன். ஹா! அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. இனிமே என்னை யாரும் தொத்திறைச்சி கட்டக் கூப்பிட முடியாது.

— திரும்பு. இழுத்து விடுறேன். முதுகுல கசங்கக் கூடாது.

— வெளிய என்ன சத்தம்? அரங்கம் பிதுங்குது போல. ரெண்டு வருஷமா ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலையே நாம, எதைப் பார்க்க இவ்வளவு பேர்?

— மேட்சுக்கு யாரு வர்றா, கண்ணு? சட்டையைக் கூரையில ஏத்துற விழாவுக்கு வர்றாங்க. பாட்டு, பட்டாசு, சூப்பு. அது இருந்தாத்தான் டிக்கெட் போகும், கேட்டியா.

— ஓஹோ! இன்னிக்கு எந்தப் பெரிய ஆட்டக்காரரோடது?

— அணியில பழைய ஆளுங்க ஒருத்தனும் தன் சட்டையைக் கழட்ட மாட்டேன்னுட்டான். நீ வேர்க்காம ஆடு ராஜா, முதல் இடைவேளையில வந்து சட்டையை வாங்கிக்கிறேன்.