தொட்டிக்குத் தவிடு போட வேண்டும்

தப்பாக நினைக்காதீர்கள், என் சாயத்தொட்டிக்கு இன்று யாரும் தவிடு போட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கவலைதான் எனக்கு. அவுரி நீலம் கடையில் வாங்கிக் கரைக்கிற பொடி இல்லை. நொதிக்கவைத்து வளர்க்க வேண்டும். தவிடு, சுண்ணாம்பு, கொஞ்சம் சர்க்கரை என்று கவனித்தால் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், பட்டினி போட்டால் செத்துவிடும். கைக்குழந்தைகூட இவ்வளவு படுத்தாது.

சாயம் வளர்ப்பதும் துணி முக்குவதும் நான். அந்தத் துணிகளை வெட்டித் தைத்துக் கலையாக்கிப் பேர் வாங்குவது என் தங்கை. எனக்கு அதில் வருத்தமே இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். தொட்டி வாடை பட்டாலே அவளுக்கு மூச்சு இழுக்கும், கிட்டே வரமாட்டாள். ஆனால் படம் எடுக்க வருகிறவர்களுக்கு நீல விரல்கள் வேண்டுமே. அதனால் ஒவ்வொரு கண்காட்சிக்கும் முன்னால் அவள் விரல்களில் நானே சாயம் பூசிவிடுவேன். சின்ன வயதில் அவளுக்கு நகம் வெட்டிவிட்டதும் நான்தான்.

இந்தக் கண்காட்சி அன்று காலையிலும் சாயக் கிண்ணத்தோடு போனேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாம்க்கா. நீலம் போதும், அடுத்தது முழுக்கச் சிவப்பு. நாளைக்கு அந்தத் தொட்டியக் கொட்டிடு, நாத்தம் தாங்கல."

சுருக்கென்றது. இருந்தாலும் சரி என்றேன். கடைசியாக ஒருமுறை நாலு பேர் பார்க்கட்டுமே என்று, அவளிடம் சொல்லாமல் தொட்டியை அரங்குக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்துவைத்தேன். பச்சையாக வெளியே வரும் துணி காற்றுப் பட்டு நீலமாவதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தங்கை சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பக்கத்தில் இருந்த பெண்மணி பதறினார்.

"என்னங்க, உதடெல்லாம் நீலமா இருக்கு? நகம்கூட. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"சாயம்தாங்க அது. வேலை மும்முரத்துல வாயத் தொடச்சிருப்பா," என்றேன்.

சிரித்துவிட்டார்கள். ஒருவர் கிட்டப் போய்ப் படம்கூட எடுத்தார். நல்ல படம், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர். அன்று அவள் மேல் ஒரு பொட்டுச் சாயம் இல்லை, அது எனக்குத் தெரியும். அவளுடைய இன்ஹேலர் என் கைப்பையில் இருந்ததும் தெரியும். எப்போதும் என்னிடம்தான் கொடுத்துவைப்பாள்.

போகட்டும், தவிடு மேல் அலமாரியில் இருக்கிறது. யாரையாவது அனுப்பி இரண்டு கைப்பிடி போடச் சொல்லுங்கள். உயிருள்ள ஒன்றைக் கண்ணெதிரே சாகவிட எனக்கு மனசு வராது.