குறைந்த விலையும் கூடிய சுருதியும்

தலைமை ஏற்றிருக்கும் தீயணைப்புத் தொண்டர் படைத் தலைவர் லவெல் பெட்டஸ் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து முழங்கால் வலியை முகத்தில் காட்டாத மூத்தவர்களே! காலையிலிருந்து கோழி பொரித்துக் கை சிவந்த தாய்மார்களே! பாடகர் குழுப் பெருமக்களே! பின்கதவருகே நின்று என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கும் நண்பர்களே! இவர்கள் எல்லோருக்கும் மேலாக, நாற்பது ஆண்டுகளாக இந்த ஹாலோவே ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து இன்று பாராட்டுப் பெறும் மிஸ் ஓபல் விக்கர்ஸ் அவர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு தீர்மானத்தை முதலில் அவைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். விழாக் குழு செவ்வாய்க்கிழமை கூடியது. விவாதித்தது. முடிவு காணாமல் கலைந்தது. வியாழக்கிழமை மறுபடியும் கூடியது. கேள்வி இதுதான்: வாழைப்பழப் புட்டிங்கை ஹோரஸ் டார்ப்லி பேசுவதற்கு முன் பரிமாறுவதா, பேசி முடித்த பின் பரிமாறுவதா? முன்னால் பரிமாறினால் அவையில் ஆள் இருக்காது. பின்னால் பரிமாறினால் புட்டிங் உருகி, புட்டிங்காக இருக்காது. நெடுநேர ஆலோசனைக்குப் பின், பேசி முடித்த பின்பே என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர் ஒருவர். அவர் என் மனைவி நெல்டா.

அறிவாளிகள் அறுபது பேர் அமர்ந்திருக்கும் இந்த அவையில், மாட்டுத் தீவனம் விற்கும் என்னை ஏன் பேச அழைத்தார்கள்? நாவன்மைக்காகவா? நல்லொழுக்கத்துக்காகவா? இல்லை. மிஸ் ஓபலை நீதிமன்றத்துக்கு இழுத்த மனிதன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அந்தத் தகுதிக்குப் போட்டியே இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்போது சிரிக்கும் நீங்கள் அன்று என் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

என்ன நடந்தது? தபால் நிலையத்துக்கு எதிரே நாற்சந்தி. நான்கு பக்கமும் 'நில்' பலகை. முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது சட்டம். யார் முதலில் வந்தாலும் மற்றவரை முதலில் அனுப்ப வேண்டும் என்பது ஹாலோவே ஊரின் வழக்கம். கிழக்கே நான், என் நீல டிரக்கில். வடக்கே மிஸ் ஓபல், தம் வெள்ளைக் காரில். நான் கையசைத்தேன்: நீங்கள் போங்கள். அவர் கையசைத்தார்: நீ போ. நான் தொப்பியைத் தொட்டு மறுபடியும் அசைத்தேன். அவர் கைக்குட்டையை எடுத்து அசைத்தார். எனக்குப் பின்னால் இரண்டு வண்டி, அவருக்குப் பின்னால் மூன்று வண்டி. ஒருவராவது ஒலி எழுப்பினாரா? எழுப்பமாட்டார். நாகரிகம் தெரிந்தவர்கள்! கடைசியில், பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது என்று நான் கிளம்பினேன். அதே நொடியில், இவன் திருந்தமாட்டான் என்று அவரும் கிளம்பினார்.

மரியாதையும் மரியாதையும் மோதிக்கொண்டன. என் டிரக்கின் ஒரு பக்கம் முழுதும் உள்ளே போயிற்று.

காவல் டெபுடி கார்லன்ட் வந்தார். அதோ, மூன்றாவது மேசையில் சோளரொட்டியை மறைக்கிறாரே, அவரேதான்.

"தப்பு என்னுதுப்பா, எழுதிக்கோ" என்றார் மிஸ் ஓபல்.

"இல்ல மேம், நான்தான் அவசரப்பட்டேன்" என்றேன் நான்.

"வாய மூடு ஹோரஸ். பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சது நான். நீயா மிதிச்ச?"

"உங்களுக்கு வழி விடாதது நான்தானே மேம்?"

டெபுடி பேனாவை மூடினார். "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் குத்தவாளியா இருந்து தொலைங்க. அங்க எனக்குச் சாப்பாடு ஆறுது."

வயதில் மூத்தவர் என்பதால் குற்றத்தை மிஸ் ஓபலுக்கே விட்டுக்கொடுத்தேன். அன்று மாலையே அவர் வீட்டிலிருந்து பீச்சுப்பழப் பணியாரம் வந்தது. பாத்திரத்தைச் சும்மா திருப்பக்கூடாதல்லவா? நெல்டா அதில் வேகவைத்த வேர்க்கடலை போட்டு, மிச்சத்தை எங்கள் பாத்திரம் ஒன்றிலும் வைத்து அனுப்பினாள். அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனம் பழுதுபார்க்கும் செலவு முழுவதையும் கொடுத்தது. இதோடு முடிந்திருந்தால் நான் இன்று மேடையில் இல்லை. உங்களோடு உட்கார்ந்து புட்டிங்குக்குக் காத்திருப்பேன்.

முடியவில்லை. பழுது நீங்கி, பளபளத்து, பட்டுப்போல் வந்த டிரக்கைப் பக்கத்து ஊர் வண்டிக் கடைக்கு விலை கேட்க ஓட்டிப் போனேன். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார், தட்டினார், தடவினார், தலையாட்டினார். பிறகு கணினியைப் பார்த்தார். முகம் மாறியது.

"அடிபட்ட வண்டியா சார்?"

"எங்க அடிபட்டிருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

"வண்டியில தெரியல சார். கம்ப்யூட்டர்ல தெரியுது."

தெரிந்ததா, பெருமக்களே? தகரத்தை நிமிர்த்தலாம், வண்ணம் பூசலாம். பெயரை நிமிர்த்த முடியாது. அப்படி இறங்கிய விலையை மதிப்பிழப்பு என்பார்கள். நம் ஜார்ஜியாவில் அதையும் இடித்தவரின் இன்சூரன்ஸிடம் கேட்டு வாங்கலாம். ஒழுங்காக ஓடும் ஒரு வண்டிக்காக, ஒழுங்காக ஓடாத ஒரு மூளையோடு, நான் உரிமைக் குரல் எழுப்பினேன்!

தொலைபேசியில் இன்சூரன்ஸ் இளைஞர் ஒரு தொகை சொன்னார். எவ்வளவா? அதைச் சொல்லமாட்டேன். அந்தத் தொகைக்கு இந்த ஊரில் நான்கு பேர் நிம்மதியாகச் சாப்பிடலாம், இனிப்பு கேட்காவிட்டால்.

"இது எப்படி வந்துச்சு தம்பி?"

"எங்க கம்பெனி வாய்ப்பாடு சார். பெருக்கினா அப்படித்தான் வரும்."

"என் வண்டிய நீங்க பாத்தீங்களா?"

"பாத்தா வாய்ப்பாடு மாறிடாது சார்."

"ஒத்துக்கலன்னா?"

"கேஸ் போட்டுக்கங்க."

"போடுறேன். உங்க கம்பெனி பேரச் சொல்லுங்க, எழுத்து எழுத்தா."

"எங்க மேல போட முடியாது சார். இடிச்சவங்க மேலதான் போடணும். வக்கீல நாங்க அனுப்புவோம்."

அறிவுள்ள மனிதன் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நான் நின்றேனா? நாற்சந்தியிலேயே நிற்கத் தெரியாதவன் நான்! பெயரளவில்தான் அவர், பணம் கொடுப்பது நிறுவனம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனுவில் கையெழுத்திட்டேன். டெபுடி கார்லன்ட் அதைப் பாடகர் குழுப் பயிற்சியின் நடுவே, இரண்டாம் சரணத்தில், ஆர்கன் மேலேயே வைத்து மிஸ் ஓபலிடம் கொடுத்தார். வேறு நேரம் கிடைக்கவில்லையா கார்லன்ட்? என்ன? வழியில் இருந்ததா? சரி.

மிஸ் ஓபல் வாசித்தார். மடித்தார். பாட்டைத் தொடர்ந்தார். மறுநாள் எங்கள் வீட்டுப் பாத்திரம் திரும்பி வந்தது. கழுவி, துடைத்து, காலியாக!

தாய்மார்கள் "ஐயோ" என்கிறீர்கள். அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. என் குரல் கட்டைக் குரல். ஈஸ்டர் நாளில் தனிப்பாட்டு என்னுடையது. பதினாறு வருடமாக நான் மனிதனாக மதிக்கப்படுவது அந்தப் பாட்டு நேரத்தில் மட்டும்தான். ஒத்திகையில் மிஸ் ஓபல் ஒரு கட்டை ஏற்றி வாசித்தார். அடுத்த வாரம் இன்னொரு கட்டை. முகத்தில் கோபம் இல்லை, வாயில் சொல் இல்லை. விரலில் மட்டும் வழக்கு நடந்தது. கண்ணாடி ஜன்னல்கள் உடையுமோ என்று பார்த்துக்கொண்டே நான் கதவில் வால் மாட்டிய பூனையைப்போல் பாடினேன். போதகர் ஜெபத்தில் என் தொண்டையையும் சேர்த்துக்கொண்டார்.

"கேஸ வாபஸ் வாங்குங்க" என்றாள் நெல்டா.

"இது கொள்கை."

"கொள்கை இருக்கட்டும். ஈஸ்டருக்கு யார் பாடுவா, கொள்கையா?"

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் வழக்கு வந்தது. அன்று நான் கண்ட காட்சியை என் எதிரிக்கும் விரும்பமாட்டேன். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, விலை இறங்கவே இல்லை என்று காட்ட, என் டிரக்கைப் புகழ்ந்தார். என்ன உறுதி, என்ன மெருகு, என்ன இழுவை! பெற்றவன்கூடப் பிள்ளையை அப்படிப் புகழமாட்டான். எனக்கே கண் கலங்கியது. பிறகு நான் எழுந்தேன். ஞாயிறு தவறாமல் மெழுகு தேய்த்த கையால், ஐயா, அதை நான் இகழ்ந்தேன்! இதை எவன் வாங்குவான் என்றேன். இதில் எவன் ஏறுவான் என்றேன். இலவசமாகக் கொடுத்தாலும் இருமுறை யோசிப்பான் என்றேன். அந்நியன் என் பொருளைப் போற்ற, நானே அதைத் தூற்ற, வழக்கு தலைகீழாக நடந்தது.

நீதிபதி அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் டார்ப்லி, பைபிள் மேல கை வெச்சுச் சொல்லுங்க. இன்னிக்கு இந்த வண்டி என்ன பெறும்?"

சொன்னேன். அடிமாட்டு விலை சொன்னேன். வழக்கு கனக்க வேண்டுமே!

"அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கா?"

பிரதிவாதி நாற்காலியில் கைப்பை திறக்கும் ஓசை கேட்டது. "நான் வாங்கிக்கிறேன், ஜட்ஜம்மா. என் காரு இப்பல்லாம் எங்கயாவது போய் முட்டுது."

எப்படிப்பட்ட இடத்தில் நின்றேன் தெரியுமா? தரமாட்டேன் என்றால் வண்டி அதற்கு மேல் பெறும் என்று நானே ஒப்புக்கொண்டதாகும், வழக்குப் போச்சு. தருகிறேன் என்றால் வண்டி போச்சு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிஸ் ஓபலும் பார்த்தார். சிந்திக்க வேண்டிய அந்த நொடியில், அறிவு எழவில்லை. என் கைதான் எழுந்தது. இந்த ஊரில் பிறந்த கை. இப்படி, இதோ இப்படி, தானாகவே அசைந்தது: நீங்கள் போங்கள், மேம்.

நீதிபதி அம்மையார் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார். தீர்ப்பு எனக்குச் சாதகம். நிறுவனம் நான் கேட்டதை முழுதாகக் கொடுத்தது. நான் வென்றேன்! கைதட்டாதீர்கள், கேளுங்கள்.

ஈஸ்டர் காலை. நான் எழுந்து நின்றேன். மிஸ் ஓபல் என்னைப் பார்த்தார், ஆர்கனைப் பார்த்தார், முதல் சுரத்தை வைத்தார். பழைய கட்டை! என் கட்டை! பெருமக்களே, நான் அன்று பாடினேன். ஜன்னல்கள் பிழைத்தன.

இப்போது கேட்கிறேன்: இந்த மண்டபத்தில் இடிபடாதவர் யார்? தலைவர் லவெல் அவர்களின் இடுப்பு புதியது. என் பற்களில் பாதி கடையில் வாங்கியது. நம்மைக் கணினியில் தட்டினால் அடிபட்டவன் என்று வராதவன் எவன்? எந்தக் கடைக்காரன் நம்மை முழு விலைக்கு எடுப்பான்? எந்த வாய்ப்பாடு நம்மைப் பெருக்கிப் பூச்சியத்துக்கு மேல் காட்டும்? ஆனாலும் நாற்பது ஆண்டுகளாக, கரகரத்தவனுக்கும் கட்டை பிசகியவனுக்கும், வழக்குப் போட்டவனுக்கும்கூட, அவனவன் தொண்டைக்கு ஏற்ப இறங்கி வந்து வாசித்த விரல்கள் அந்தப் பத்து விரல்கள்! அந்த விரல்களுக்கு...

என்ன மேம்? "போதும் ஹோரஸ், புட்டிங் உருகி ஓடுது" என்கிறார். இந்த ஒரு முறை உங்கள் சொல்லைத் தட்டாமல் நிற்கிறேன்.

தலைவருக்கும், சமைத்த கைகளுக்கும், பொறுத்த காதுகளுக்கும், வாக்கை மாற்றிக்கொள்ளாத நெல்டாவுக்கும் நன்றி. நூறாண்டு வாசியுங்கள் மிஸ் ஓபல் என்று வாழ்த்தி, வணங்கி அமர்கிறேன்.

ஒரு நிமிடம். தலைவர் ஒரு சீட்டு நீட்டுகிறார். சமையல்கூட வாசலில் நீல நிற டிரக் ஒன்று வழியை அடைத்து நிற்கிறதாம். புட்டிங் வெளியே வர முடியவில்லையாம். உரிமையாளர் மிஸ் ஓபல் விக்கர்ஸ் சாவியோடு வரவும்.