அந்த நாட்டில் விலை இறங்கிய நாள்கள்

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, காலை பத்தேகால் மணி. வெளியே விடாத சாரல். ஈரக் குடையை வாசலிலேயே விரித்து வைத்துவிட்டு உள்ளே வரும் பழக்கம் உன் அம்மாவுக்கு இருந்தது. நீயும் அப்படியே செய்துவிட்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாய்.

"மாமா, இந்த ஃபண்டு இருபத்திரண்டு வருஷத்துல பதினோரு மடங்கு ஆயிருக்குன்னு உங்க ஆபீஸ் சுவத்துலயே ஒட்டியிருக்கு. அப்பாவும் இதுலதான் போட்டார். அப்புறம் ஏன் அவர் கையில போட்டதுகூட மிஞ்சல?"

நல்ல கேள்வி. அன்று தேநீர் வரவழைத்துப் பேச்சை மாற்றினேன். பல் மருத்துவமனை தொடங்க நீ பார்த்து வைத்திருந்த இடம், முன்பணம் கட்ட வழியின்றிக் கைநழுவிப் போனதைக் கிளம்பும்போதுதான் சொன்னாய். அரைகுறையாக விடை சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

சுவரில் இருப்பது பொய்யன்று. அந்த நிதி ஒரே ஒரு நாட்டின் பங்குகளை மட்டுமே வாங்குகிறது. உன் அப்பாவோ நானோ அந்த நாட்டில் கால் வைத்ததில்லை. அங்கே தேர்தல் வந்தால் விலை சரியும், வங்கி ஒன்று தள்ளாடினால் சரியும், பிறகு ஏறும். ஏறியவை சரிந்தவற்றைவிட அதிகம். அந்தப் பதினோரு மடங்கு, போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு அசையாமல் இருந்தவருக்கு உரியது. உன் அப்பா அசைந்தார். அசைத்தவன் நான்.

காரணம் உனக்குத் தெரியாது. அப்போது உனக்கு நான்கு வயது. உன் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. பணம் முழுவதும் அந்த நிதியில் இருந்தது. நிதியோ பாதியாகச் சரிந்து கிடந்தது. உன் அப்பா, அதாவது என் அத்தான், மருத்துவரிடம், "மூணு மாசம் பொறுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். பொறுக்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அத்தான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி என்னிடம் சொன்னாள்: "அவருக்குப் பணம்னா உயிர் நடுக்கம்டா. அவரைத் திட்டாத. எனக்கு இப்ப சண்டை பார்க்கத் தெம்பில்ல."

திட்டவில்லை. மூன்று மாதம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். துக்கம் விசாரிக்க வந்த யாரோ செலவைப் பற்றிக் கேட்டபோது, "அப்ப வித்திருந்தா பாதிதான் கிடைச்சிருக்கும்" என்று உன் அப்பா சொன்னதை, தேநீர்த் தட்டுடன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் கேட்டேன். அந்த ஆண்டு முடிவதற்குள் நிதி இழந்ததையெல்லாம் மீட்டுவிட்டது. அவருக்கு விற்கக் கற்றுக்கொடுப்பது என்று அப்போது முடிவு செய்தேன்.

முறை எளியது. நான் ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. விற்கச் சொல்லவும் இல்லை. அந்த நாட்டின் செய்திகளை நாள்தோறும் படித்தேன். அங்கே விலை நன்றாகச் சரியும் வரை காத்திருப்பேன். தொடக்கத்தில் அழைப்பதில் பயனில்லை. மேலும் சரிய இடமில்லை என்று எனக்குத் தோன்றும் நாளில் அழைப்பேன்.

"அத்தான், சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுடா. நீ போன் பண்ணினாலே அந்த ஊர்ல இடி விழுந்திருக்குன்னு அர்த்தம். சொல்லு, என்ன கூத்து?"

"சும்மாதான். துறைமுகத்துல வேலைநிறுத்தமாம். உங்களுக்குத் தூக்கமெல்லாம் ஒழுங்கா வருதுல்ல?"

அவ்வளவுதான். மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே அவர் படியில் நிற்பார். எங்கள் மேலாளர் அவரை உட்கார வைத்து, இப்போது விற்பது அறிவீனம் என்று வரைபடம் காட்டி விளக்குவார். அத்தான் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டு, "கமிஷன் போயிடும்னு பயப்படறான் உங்க ஆளு. நீதாண்டா என் நல்லது கெட்டது பார்க்கிறவன்" என்பார்.

விலை ஏறும் காலங்களில் நான் அழைப்பதில்லை. பணம் வங்கியில் தூங்கும். ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழித்து, நிதி உச்சத்தைத் தொட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அதைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, நிதியின் வளர்ச்சியைக் கொண்டாடி எங்கள் நிறுவனம் அச்சிடும் மடலை அவருக்கு அனுப்புவேன். எல்லா வாடிக்கையாளர்க்கும் போகும் மடல்தான் அது. முன்பு விற்றதைப்போல் இரண்டு மடங்கு விலைக்கு அவர் மறுபடியும் வாங்குவார். இருபத்திரண்டு ஆண்டுகளில் இது நான்கு முறை நடந்தது. வேறொன்றும் தேவைப்படவில்லை. நீண்ட கால வரலாறு நிதிக்குத்தான் உண்டு. அச்சப்படுகிறவருக்கு அந்தந்த நாள் மட்டுமே உண்டு.

அது உன் மருத்துவமனைக்கான பணமும் அல்லவா என்று நீ கேட்பாய். அதையும் யோசித்தேன். நிதியின் யூனிட்டுகள் அவர் பெயரில் இருந்தன. உனக்குரிய எதையும் நான் தொடவில்லை. உனக்கு அம்மா இல்லாமற்போனதற்கு இந்த வீட்டில் ஒருவராவது விலை கொடுக்க வேண்டாமா? நீ அவள் மகள். உனக்குப் புரியும் என்றே நினைக்கிறேன்.

நான்காவது முறை சென்ற அக்டோபரில். அவர் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்துப் போட்டிருந்தார். நிதி மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அழைத்தேன், சாப்பிட்டாரா என்று கேட்டேன். வழக்கமான கேலி வரவில்லை. மறுநாள் மழைச் சட்டையுடன் வந்து என் எதிரே உட்கார்ந்து, மேலாளர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். கோணலாக விழுந்த முதல் கையெழுத்து அலுவலகப் பதிவோடு ஒத்துப்போகாது என்று சொல்லி வேறு படிவம் கொடுத்தேன். இரண்டாவதில் நிதானமாகப் போட்டார். போட்டுவிட்டுக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"உன் பேச்சை நான் ஒருநாளும் தட்டினதில்லடா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நன்றியாகவே சொன்னார். "உங்க அக்கா படுத்திருந்தப்பகூட உன்கிட்டதானே ஓடி வந்தேன். எல்லாத்தையும் வித்துடட்டுமான்னு கேட்டேன். இப்ப வித்தா பாதி போயிடும், மூணு மாசம் பொறுங்க அத்தான், வரலாறு அப்படித்தான் சொல்லுதுன்னு நீ சொன்னே. பொறுத்தேன். இப்ப உன் குரல்ல பயம் தெரியுது. விக்கிறேன்."

அவர் சொன்னதில் தவறில்லை. நான் அப்படிச் சொன்னதுண்டு. ஆனால் அன்று அவர் என்னிடம் கேட்டது நிதியைப் பற்றி. நிதியைப் பற்றி நான் சொன்னது சரியாகவே இருந்தது. அக்காவைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அவர் படிவத்தை நீட்டினார். கையெழுத்தைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டேன்.