குரல் வந்த பக்கம்

— அலமாரி மேல இருக்கற அந்த ரேடியோவை முதல்ல நிறுத்துங்கக்கா.

— விளம்பரம்தானே ஓடுது. நீங்க இங்க உக்காந்திருக்கீங்க, அங்க யாரு பேசப் போறா?

— அடுத்து சோப்பு விளம்பரம் வரும். அதுலயும் நான்தான்.

— இந்தா, நிறுத்தியாச்சு. உங்க குரல் இல்லாம இந்தத் தையல் கடையில ஒரு பட்டனுக்குக் காஜாகூட எடுத்ததில்ல தெரியுமா? நேர்ல ஒல்லியா இருக்கீங்க. குரல் நல்லா குண்டா இருக்கும்.

— எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

— பாருங்க, உங்க நாய்ப் பயல் வந்ததும் வராததுமா என் தையல் மிஷினுக்கு அடியில பூந்துட்டான். பேர் என்ன சொன்னீங்க?

— பொட்டலம். துண்டுல சுத்திக் கையில குடுத்தாங்க. அதையே வெச்சுட்டேன்.

— நல்லவேளை, மூட்டைன்னு வெக்கல. முன்னங்கால்ல என்ன கட்டு?

— கதவைப் பிறாண்டி நகம் பேந்துடுச்சு. நான் வேலைக்குக் கிளம்பினாப் போதும், ஆரம்பிச்சிடுவான். வீட்டு ஓனர் வந்து கதவைப் பார்த்தார். நாய் இருக்கணுமா, நீ இருக்கணுமா, முடிவு பண்ணிக்கோன்னுட்டார்.

— குட்டியிலேருந்தே இப்படியா?

— இல்லக்கா. நான் கெடுத்தது. தொண்டையில புண்ணு வந்து, டாக்டர் வாயே திறக்கக் கூடாதுன்னுட்டார். லீவுல தனியாக் கெடந்தேன். அப்பத்தான் இவனைக் கொண்டாந்தேன். நாள் பூரா ரெண்டு பேரும் ஒரே பாய்ல. ஒரு வார்த்தை பேசினதில்ல. குரல் திரும்பினதும் வேலைக்குப் போயிட்டேன்.

— இவனைத் தனியா விட்டுட்டு.

— தனியா விடலேன்னுதான் நெனைச்சேன். ரேடியோவைப் போட்டுட்டுப் போனேன். என் நிகழ்ச்சியைக் கேட்டா நான் கூடவே இருக்கறதா நெனைச்சுப்பான்னு. ஸ்டேஷன்ல எல்லாரும், என்ன மூளை உனக்குன்னாங்க. நிகழ்ச்சிக்கு நடுவுல, வீட்டுல தனியா இருக்கற செல்லத்துக்கும் வணக்கம்னு அவனுக்கு ஒண்ணு சொல்லுவேன்.

— அது அவனுக்கா? நான் எனக்குன்னுல்ல நெனைச்சுட்டிருந்தேன்.

— உங்களுக்கும்தான்க்கா.

— சும்மா சொல்லாதீங்க. அப்புறம்?

— குரல் இருக்கு, ஆள் இல்ல. கட்டிலுக்கு அடியில தேடி, சமையலறையில தேடி, கடைசியா கதவு. எதிர்வீட்டம்மா சொல்லித்தான் தெரிஞ்சது, பாட்டு ஓடும்போது சும்மா இருக்கானாம், நான் பேச ஆரம்பிச்சா ஊளையாம்.

— அது தெரியற வரைக்கும்?

— அழுகை கூடுதுன்னு புகார் வர வர, நான் சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டுப் போனேன்.

— அடப் பாவமே.

— இப்ப ரேடியோவே போடறதில்ல. ஆனாலும் அந்தப் பயம் போகல. கதவைச் சாத்தினாலே நடுங்கறான். மருந்து குடுத்தாச்சு, ஆள் வெச்சுப் பார்த்தாச்சு. எப்பவும் ஆள் இருக்கற வீடாப் பாருங்கன்னு நாய் டாக்டர் சொல்லிட்டார்.

— எனக்கு வீடும் கடையும் இதுதான். நான் எங்க போகப் போறேன். ஒண்ணு பண்ணுங்க. சொல்லிக்காம எழுந்து தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க. என்ன பண்றான்னு பாக்கறேன்.

— வந்துட்டேன்க்கா. என்ன பண்ணான்?

— ஒண்ணும் பண்ணல. என் கால் மேல தலை வெச்சுத் தூங்கிட்டான். மெதுவாப் பேசுங்க.

— கதவைப் பார்க்கலையா?

— பார்க்கல.

— கொஞ்சம்கூட அழலையா?

— அழணும்னு போனீங்களா, அழக்கூடாதுன்னு போனீங்களா?

— தெரியலக்கா. ஆறு மாசம் வெச்சுக்கோங்க. அதுக்கப்புறம் வீட்டுலேருந்தே பேசற மாதிரி ஏதாவது கேட்டு வாங்கிட்டு, வந்து கூட்டிட்டுப் போறேன்.

— இந்தா பாருங்கம்மா. நூலோட்டம் போட்டு வெக்கிற துணி இல்ல இது, வேணுங்கறப்ப பிரிச்சுக்கறதுக்கு. வெச்சுக்கறேன்னா வெச்சுக்கறதுதான். நடுவுல நீங்க வந்து வந்து போனா, மறுபடி கதவைத்தான் பார்த்துட்டிருப்பான். வரக்கூடாது. நானும் ரேடியோ போடல.

— நாள் பூரா எப்படி இருப்பீங்க?

— இனிமே இவன்கிட்டப் பேசுவேன். இவனாவது என்னைப் பார்த்துக் கேப்பான்.

— நிகழ்ச்சியை விட்டுடலாம்னுகூட யோசிச்சேன்க்கா.

— விட்டிருக்கலாமே.

— எனக்கு அதுதான் தெரியும்.

— நான் குத்தம் சொல்லல. பிழைப்பு. அவன் கயித்தைக் குடுங்க.

— ம்.

— குடுக்கறேன்னுட்டுக் கையில சுத்திக்கறீங்களே. சரி, மனசு கேக்கல உங்களுக்கு. வாசல்லயே நின்னு ஒரு தடவை கூப்பிடுங்க. எழுந்து உங்ககிட்ட வந்தான்னா கூட்டிட்டுப் போயிடுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

— வந்தான்னா வேலையை விட்டுடறேன். நிஜமாத்தான் சொல்றேன்.

— கூப்பிடுங்க.

— பொட்டலம். டேய் பொட்டலம். வாடா, நான் இங்க இருக்கேன்.

— எழுந்துட்டான்.

— கண்ணைத் திறக்க பயமா இருக்குக்கா. வர்றானா?

— இல்லம்மா. அலமாரிக்குக் கீழ போய் நின்னு, ரேடியோவை அண்ணாந்து பார்த்துட்டிருக்கான்.